சுகரும் ஸ்டென்டும் உள்ளவருக்கு வைட்டமின் டி: எதற்காக, எதுவரை?

கேள்வி: என் கணவருக்கு வயது 62. விருதுநகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். 14 வருடமாகச் சுகர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஹார்ட் அட்டாக் வந்து மதுரையில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒன்பது மாதத்துக்கு முன் முழு உடல் பரிசோதனை எடுத்தபோது வைட்டமின் டி 11 என்று வந்தது. டாக்டர் வாரம் ஒரு 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் வீதம் எட்டு வாரத்துக்கு எழுதினார். தொடை வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்ததால், அதன் பிறகு நாங்களே மருந்துக்கடையில் வாங்கி ஏழு மாதமாகத் தொடர்கிறோம். கடையில் சொன்னார்கள் என்று கால்சியம் மாத்திரையும் தினம் ஒன்று கொடுக்கிறேன். வைட்டமின் டி குறைந்ததால்தான் இவருக்குச் சுகரும் அட்டாக்கும் வந்ததா? இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் அது எப்படிக் குறையும்? பெங்களூரில் இருக்கும் மகன், "வைட்டமின் டி எடுத்தால் இரண்டாவது அட்டாக் பாதியாகக் குறையும் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருக்கிறார்கள், நிறுத்திவிடாதீர்கள்" என்கிறான். எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? ஒரு மாதமாக இவருக்கு மலச்சிக்கல். ராத்திரி நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுகிறார். சுகர் ஏறியிருக்கும் என்று இரவு இட்லியை நாலிலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டேன். மாத்திரைகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் பாக்கெட் மிச்சம் இருக்கிறது. எனக்கும் 57 ஆகிறது, நானும் சாப்பிடலாமா?

— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மலச்சிக்கலும் ராத்திரி நான்கு தடவை எழுவதும், அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற கேள்விகள் ஒரு வாரம் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

சுகர் ஏறியிருக்கும் என்று இட்லியைக் குறைத்திருக்கிறீர்கள். ஆனால் ஊசி குத்திச் சுகர் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு இருக்கிறது. அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினை வெளியே தள்ளும். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை அதே அளவில் கொடுத்தால், விடியற்காலையில் சுகர் இறங்கிப்போக வாய்ப்பிருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்குத் தாழ் சர்க்கரை நல்லதல்ல. அதனால் முதலில் பழையபடி சாப்பாடு கொடுங்கள். வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சுகர் பாருங்கள். ஏறியிருந்தால் என்ன செய்வது என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

சுகர் ஏறவில்லை என்றால்? அடிக்கடி சிறுநீர், தாகம், மலச்சிக்கல், அசதி, சாப்பாட்டில் பிடிப்பில்லாமை இவையெல்லாம் ரத்தத்தில் கால்சியம் கூடினாலும் வரும். சுகர் உள்ளவர்கள் வீட்டில் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் எல்லாப் பழியும் சுகர் மேல் விழுந்துவிடும். உங்கள் கணவர் விஷயத்தில் நான் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வாரம் 60,000 என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 8,500 யூனிட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குத் தேவையானது 600 யூனிட். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நீண்ட நாள் எடுப்பதற்கு மேல் வரம்பு 4,000. எட்டு வாரத்துக்கு இந்த வரம்பைத் தாண்டுவது சிகிச்சை. ஏழு மாதம் தாண்டுவது சிகிச்சை இல்லை.

இதோடு நின்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கவலை இருக்காது. வாரம் ஒன்றாக மாதக்கணக்கில் எடுத்தும் ஒன்றும் ஆகாதவர்கள் நிறையப் பேர் உண்டு. உங்கள் பட்டியலில் மேலும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கடையில் கொடுத்த கால்சியம் மாத்திரையின் அட்டையைப் படித்து "கால்சியம் கார்பனேட், கால்சிட்ரியால்" என்று எழுதியிருக்கிறீர்கள். கால்சிட்ரியால் என்பது வைட்டமின் டியின் முழுமையாக வேலைக்குத் தயாரான வடிவம். நாம் சாப்பிடும் வைட்டமின் டி முதலில் கல்லீரலில் ஒரு மாற்றம் அடைந்து, பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் அடைந்துதான் கால்சிட்ரியால் ஆகிறது. எவ்வளவு செய்ய வேண்டும் என்று அளந்து செய்வது சிறுநீரகம். மாத்திரையாகவே கால்சிட்ரியாலைக் கொடுத்தால் அந்த அளவுப் பிடிமானம் போய்விடுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது தேவைப்படும் மருந்து. தொடை வலிக்குச் சத்து மாத்திரையாகக் கொடுக்கும் பொருள் அல்ல. இன்னொன்று, பிரஷருக்கு அவர் எடுக்கும் டெல்மிசார்டன் மாத்திரையோடு குளோர்தாலிடோன் சேர்ந்திருக்கிறது. அது உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும். ஆனால் சிறுநீரில் போக வேண்டிய கால்சியத்தைப் பிடித்து உடம்பிலேயே வைத்துக்கொள்ளும். குடலில் கால்சியம் அதிகம் ஏறுகிறது, சிறுநீரில் குறைவாக இறங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் கூடத்தான் செய்யும்.

ஆகவே பாக்கெட்டையும் கால்சியம் மாத்திரையையும் இன்றோடு நிறுத்துங்கள். இந்த இரண்டை மட்டும். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின், மெட்டோப்ரோலால் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்த வாரத்துக்குள் ரத்தத்தில் கால்சியம், அல்புமின், கிரியாட்டினின், வைட்டமின் டி, சுகர், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி, சிறுநீர் முழுப் பரிசோதனை ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். கால்சியம் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை சரியான அளவு. அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ரிசல்ட் வருவதற்குள் வாந்தி, தலைசுற்றல், பேச்சில் குழப்பம், வழக்கமில்லாத தூக்கம் என்று எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. நிறுத்திய மறுநாளே உடம்பை விட்டுப் போகாது, வாரக்கணக்கில் தங்கும். "நிறுத்திவிட்டோமே, போதும்" என்று பரிசோதனையைத் தள்ளிப் போட வேண்டாம்.

வைட்டமின் டி மட்டும் பார்த்தால் போதாதா என்று லேபில் கேட்பார்கள். போதாது. அந்தப் பரிசோதனை கல்லீரலிலிருந்து வரும் முதல் வடிவத்தைத்தான் அளக்கிறது. கால்சிட்ரியால் மாத்திரையால் வந்த பாதிப்பு அதில் தெரியாது. கால்சியம்தான் உண்மையைச் சொல்லும். எல்லாம் சரியாக இருந்தால் ரொம்ப நல்லது. அப்போது 62 வயது ஆணுக்கு ராத்திரி எழுவதற்கு இருக்கும் மற்ற காரணங்களைப் பார்க்கலாம்: புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொற்று, பிரஷர் மாத்திரையைக் காலையில் போடாமல் மாலையில் போடுவது.

இனி உங்கள் மற்ற கேள்விகள்.

ஒன்பது மாதத்துக்கு முன் உங்கள் டாக்டர் எழுதியதில் தவறு இல்லை. ஒரு மில்லி ரத்தத்தில் 11 நானோகிராம் என்பது உண்மையான குறைவு. அந்த அளவுக்கு இறங்கியவருக்கு எலும்பு மெலியும், தொடைத் தசைகள் சோர்ந்து படியேறுவது கஷ்டமாகும், தடுக்கி விழுவார். வாரம் 60,000 வீதம் எட்டு வாரம் என்பது நம் நாட்டில் டாக்டர்கள் பரவலாக எழுதும் முறை. என் குறை வேறொன்று. எட்டு வாரம் முடிந்தபின் என்ன செய்வது என்பது பெரும்பாலான சீட்டுகளில் எழுதப்படுவதே இல்லை. சிலர் அப்படியே நிறுத்திவிடுகிறார்கள், ஆறு மாதத்தில் மறுபடி 12க்கு வந்து நிற்கிறார்கள். சிலர் உங்களைப் போல நிறுத்தாமலே போகிறார்கள். இன்னும் சிலர் வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு, கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெட்டு, படுக்கையில் வந்து சேர்கிறார்கள். நம் நாட்டு மருத்துவ இதழ்களில் வைட்டமின் டி நச்சு பற்றி வரும் செய்திகளில் பலவற்றின் கதை இதுதான், வேறு பலவற்றின் கதை ஆறு லட்சம் யூனிட் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டது.

எட்டு வாரம் முடிந்து, ஒரு மாதம் போல இடைவெளி விட்டுப் பரிசோதித்து, 20க்கு மேல் வந்திருந்தால் அதன் பிறகு தினம் 1,000 முதல் 2,000 யூனிட் போதும். மாதம் ஒரு 60,000 பாக்கெட் என்றாலும் கணக்கு ஏறக்குறைய அதேதான். ரிப்போர்ட்டில் 30க்குக் கீழே இருந்தால் சிவப்பு எழுத்தில் "போதாது" என்று அடித்துத் தருவார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 2011இல் அமெரிக்க மருத்துவக் கழகம் 20 இருந்தால் பெரும்பாலோர் எலும்புக்குப் போதும் என்றது. அதே ஆண்டு அங்குள்ள ஹார்மோன் மருத்துவர்கள் சங்கம் 30 வேண்டும் என்றது. லேபுகள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டன. 2024இல் அந்தச் சங்கம் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது 30 என்ற இலக்கை வலியுறுத்துவதைக் கைவிட்டது. நம் லேப் ரிப்போர்ட்டுகள் இன்னும் மாறவில்லை.

விருதுநகர் வெயிலில் எப்படிக் குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். வெயில் ஊரில் அடிக்கிறது, உங்கள் கணவர் மேல் அடிக்கிறதா? விடியற்காலையில் கடை திறந்து ராத்திரி வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் சூரியனைப் பார்ப்பது கடை வாசலில்தான். தோலில் வைட்டமின் டி உருவாக வேண்டுமானால் சூரிய ஒளியில் உள்ள ஒரு குறிப்பிட்ட புற ஊதாக் கதிர் நேராகத் தோலில் பட வேண்டும். கண்ணாடி வழியாக வந்தால் பலனில்லை. காலை ஆறரை மணி இளவெயில் உடம்புக்கு நல்லது என்று தலைமுறையாகச் சொல்கிறோம். நடப்பதற்கு நல்லதுதான். ஆனால் சூரியன் சாய்ந்திருக்கும்போது அந்தக் கதிர் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். நம் நிழல் நம் உயரத்தைவிடச் சின்னதாக விழும் நேரம்தான், அதாவது ஏறக்குறைய பத்தரை மணியிலிருந்து இரண்டரை மணி வரைதான், தோல் வைட்டமின் டி செய்யும். நம் கருந்தோலுக்கு வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் தேவை. வயது ஏற ஏறத் தோலின் திறனும் குறைகிறது. தொப்பை இருந்தால், உருவான வைட்டமின் டியும் கொழுப்பில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. சுகர் வந்து 14 வருடம் ஆன ஒரு கடைக்காரருக்கு 11 வந்தது எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதற்காக மத்தியானம் மொட்டை மாடியில் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். சுகரால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் சூடேறிய தளத்தில் வெறுங்காலோடு நின்று, தெரியாமலே கொப்புளம் போட்டுக்கொண்டு வருவதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். நீர் பிரியும் பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கு அக்னி நட்சத்திர வெயிலில் நீர் வற்றி மயக்கம் வரும். சித்திரை, வைகாசியை விட்டுவிடலாம். மற்ற மாதங்களில் வாரம் மூன்று நான்கு நாள், பதினொரு மணி வாக்கில், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, கையும் முழங்காலுக்குக் கீழும் வெயில் படும்படி இருபது, முப்பது நிமிடம் நடந்தால் நல்லது. அதுவும் முடியாத நாட்களை நினைத்து வருத்தப்பட வேண்டாம். தினம் ஒரு சின்ன அளவு மாத்திரை அந்த வேலையைச் செய்துவிடும். சாப்பாட்டில் மத்தி, அயிலை, முட்டை மஞ்சள் கரு மூன்றையும் தவிர சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. இப்போது பாக்கெட் எண்ணெயிலும் சில பாலிலும் வைட்டமின் டி சேர்க்கிறார்கள். உங்கள் கடை அலமாரியில் இருக்கும் எண்ணெய் உறைகளையே படித்துப் பாருங்கள், எதில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கால்சியம் மாத்திரைக்குத் திரும்பி வருகிறேன். கால்சியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு மாரடைப்பு கிட்டத்தட்ட 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு தொகுப்பு ஆய்வு வந்தது. அதை மறுத்த ஆய்வுகளும் பின்னர் வந்தன. சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் வழக்கமான சாப்பாட்டில் வரும் கால்சியம் இதயத்துக்குக் கெடுதல் என்று பெரும்பாலான ஆய்வுகள் சொல்லவில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பால், தயிர், மோர், கீரை, நெத்திலி எல்லாம் உங்கள் வீட்டில் புழங்குவதுதான். ஸ்டென்ட் வைத்தவருக்குக் காரணமில்லாமல் கால்சியம் மாத்திரை கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் கொடுத்தால் சுகர் சீக்கிரம் ஏறும், அடையாகவோ ரொட்டியாகவோ கொடுங்கள்.

வைட்டமின் டி குறைந்ததால்தான் சுகரும் அட்டாக்கும் வந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. இன்சுலின் சுரக்கும் செல்லிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் வைட்டமின் டி போய் ஒட்டும் இடங்கள் இருக்கின்றன. சுகர் உள்ளவர்களை, அட்டாக் வந்தவர்களை எடுத்துப் பார்த்தால் அவர்களுக்கு அளவு குறைவாகவே இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன் டாக்டர்கள் பலரும் நம்பிக்கையோடுதான் இருந்தோம். ஆனால் வைட்டமின் டி யாருக்குக் குறைகிறது என்று பாருங்கள். உடல் எடை கூடியவர், வெளியே நடமாடாதவர், நோயாளி, சிறுநீரகம் பாதித்தவர். சுகரும் இதய நோயும் வருவதும் இவர்களுக்குத்தான். குறைவு என்பது நோய்க்குக் காரணமா, நோயாளி என்பதற்கு அடையாளமா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, பாதிப் பேருக்கு வைட்டமின் டியும் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பல வருடம் கவனிப்பதுதான்.

அதைச் செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வில் 25,871 பேர் சேர்ந்தார்கள். தினம் 2,000 யூனிட், சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல். 2018இல் முடிவு வந்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எதிலும் வித்தியாசம் இல்லை. நியூசிலாந்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் மாதம் ஒரு லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் இல்லை. ஆஸ்திரேலியாவில் இருபத்தோராயிரம் பேருக்கு மாதம் 60,000 கொடுத்ததில் ஒரு சின்னச் சாய்வு தெரிந்தது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. சுகர் வரப்போகும் நிலையில் இருந்த 2,423 பேருக்கு தினம் 4,000 யூனிட் கொடுத்த ஆய்வு 2019இல் வந்தது. சுகர் வருவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இல்லை. பின்னர் இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சுகர் வரும் விளிம்பில் இருப்பவர்களுக்கு அது வருவது 15 விழுக்காடு குறையலாம் என்று தெரிந்தது. 2024 வழிகாட்டுதலில் அந்த விளிம்பில் இருப்பவர்களுக்கு வைட்டமின் டி கொடுக்கலாம் என்று சொல்லியிருப்பது அதனால்தான். உங்கள் கணவர் அந்த விளிம்பைத் தாண்டி 14 வருடம் ஆகிவிட்டது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை, வைட்டமின் டி குறைந்ததால் அவருக்கு அட்டாக் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

உங்கள் மகன் சொன்ன செய்தி பொய் அல்ல. பாதிச் செய்தி. 2025 நவம்பரில் அமெரிக்க இதயச் சங்க மாநாட்டில் டார்கெட்-டி என்ற ஆய்வின் முடிவைச் சொன்னார்கள். அட்டாக் வந்த 630 பேர். ஒரு குழுவுக்கு வைட்டமின் டி அளவு 40க்கு மேல் ஏறும்வரை ரத்தம் பார்த்துப் பார்த்து டோஸை மாற்றினார்கள், மற்றக் குழுவை அப்படியே விட்டார்கள். இறப்பு, மாரடைப்பு, இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது, பக்கவாதம் இவையெல்லாம் சேர்த்து எண்ணுவதுதான் ஆய்வின் முதல் இலக்கு. அதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்குள் மாரடைப்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது பாதியாக இருந்தது. பத்திரிகைகள் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். இந்த அளவு ஆய்வில் பாதி என்பது இரண்டு டஜன் பேருக்கும் ஒரு டஜன் பேருக்கும் உள்ள வித்தியாசம். நாலைந்து பேர் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் செய்தியே இல்லை. எனக்கு அந்த ஆய்வு பிடித்திருக்கிறது, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே டோஸ் என்று இல்லாமல், அளந்து அளந்து கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பெரிய அளவில் யாராவது செய்து உறுதிப்படுத்தினால் என் சீட்டையும் மாற்றிக்கொள்வேன். மகனிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: அந்த ஆய்வில்கூட ரத்தம் பார்த்துத்தான் கொடுத்தார்கள். பார்க்காமல் ஏழு மாதம் கொடுப்பதற்கு அந்த ஆய்வு துணைக்கு வராது.

இரண்டாவது அட்டாக்கைத் தடுப்பதற்கு உங்கள் வீட்டில் ஏற்கெனவே மருந்து இருக்கிறது. அடோர்வாஸ்டாடின். கெட்ட கொலஸ்ட்ரால் ஒவ்வொரு 39 மில்லிகிராம் குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வுகளின் கூட்டு முடிவு. உங்கள் கணவருக்கு அந்தக் கெட்ட கொலஸ்ட்ரால், எல்டிஎல், இப்போது எவ்வளவு என்று கடிதத்தில் இல்லை. வைட்டமின் டி 11 என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கிறது! அட்டாக் வந்தவருக்கு எல்டிஎல் 70க்குக் கீழே இருக்க வேண்டும், 55க்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சுகரும் இதய நோயும் சேர்ந்தவர்கள் ஏழாயிரம் பேரிடம் செய்த ஆய்வில், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை இதயச் சாவை 38 விழுக்காடு குறைத்தது. 2015இல் வந்த முடிவு. அன்றைக்கு விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2025 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்தபின் பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி, விலை வெகுவாக இறங்கிவிட்டது. உங்கள் பட்டியலில் அது இல்லை. சிறுநீர் அதிகம் போகச் செய்யும், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், ஆகவே முதலில் கால்சியம் பிரச்சினையும் சிறுநீர்ப் பரிசோதனையும் தெளிவாகட்டும். பிறகு இவருக்கு ஒத்துவருமா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

தொடை வலியைப் பற்றி ஒரு வார்த்தை. கொஞ்சம் குறைந்ததாக எழுதியிருக்கிறீர்கள், போய்விட்டது என்று எழுதவில்லை. உட்கார்ந்து எழும்போதும் படியேறும்போதும் இரண்டு தொடையும் கனத்து வலித்தால் வைட்டமின் டி குறைவாக இருந்திருக்கலாம், ஸ்டாடின் மாத்திரையாலும் (அடோர்வாஸ்டாடின் அந்த வகைதான்) இருக்கலாம். ஸ்டாடின் வலிக்கு வைட்டமின் டி தடுப்பாகுமா என்று வைட்டல் ஆய்விலேயே தனியாகப் பார்த்தார்கள், பலன் இல்லை. பாதம் எரிந்தால், மரத்தால், பி12 பாருங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கு அது குறையும். 14 வருடத்தில் யாராவது பார்த்தார்களா? நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றால் ஐந்து நிமிடத்தில் விட்டு, மறுபடி நடந்தால் அதே தூரத்தில் பிடித்தால், அது காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். இதயத்தில் அடைப்பு வந்த சுகர்க்காரருக்கு அந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். எந்த வலி என்று அவரையே கேட்டு, டாக்டரிடம் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. மிச்சம் இருக்கும் பாக்கெட்டை நீங்கள் சாப்பிட வேண்டாம். எலும்பு வலியோ, சின்ன அடியில் எலும்பு முறிந்த கதையோ, நீண்ட நாள் ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை எடுத்ததோ இல்லாத 57 வயதுப் பெண்ணுக்கு வைட்டமின் டி பரிசோதனையே வழக்கமாகத் தேவையில்லை என்றுதான் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. பெரிய டோஸ் எலும்பைப் பலப்படுத்தும் என்ற எண்ணமும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவும் கீழே விழுவதும் கூடின. 2010இல் வந்த முடிவு அது. மாதவிடாய் நின்றபின் எலும்பைப் பற்றிக் கவலை இருந்தால், கணவரைக் கூட்டிக்கொண்டு போகும்போதே உங்கள் டாக்டரிடம் எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

பாக்கெட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். கால்சியம் சரியாக வந்து, வைட்டமின் டியும் அளவாக இருந்து, மாதம் ஒன்று தொடரலாம் என்று டாக்டர் சொன்னால் அதையே அவருக்குப் பயன்படுத்தலாம். காலாவதித் தேதியைப் பாருங்கள். அப்படித் தொடர்வதானால் மாதம் ஒரே தேதி என்று வைத்து, கொழுப்புள்ள பாலிலோ மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகோ கொடுங்கள், வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் குறைவாகவே சேரும். டாக்டரிடம் போகும்போது மாத்திரைகளின் பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், கடையில் வாங்கிய கால்சியம் அட்டையும் அதில் இருக்கட்டும்.